ஊர்ப்பெயர் காணி உறுதி ஆகுமா?

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்து இணுவிலை அடைவர். அயலிலே கோண்டாவிலும் உடுவிலும் உள்ளன. தென்மராட்சியிலே நுணாவில், மந்துவில், மிருசுவில். கிழக்கிலங்கையிலே தம்பிலுவில், கோளாவில். இப்பெயர்கள் யாவற்றின் ஈற்றிலும் நிற்கும் ‘வில்’ என்னும் சிறு சொல் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரு வழக்கின் சான்றுப் பொருளாக இழுபட்டு வருகின்றது. சிங்களத்திலே ‘வில’ என்றால் குளம், சதுப்பு நிலம். லுணுவில என்னும் ஊர் தென்னிலங்கைப் பக்கத்தில் உண்டு. ஆகவே இணுவிலும் ஒரு காலத்தில் சிங்கள ஊரே என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. ‘வில்லு’ என்பது மன்னாரிலும் மட்டக்களப்பிலும் தமிழர் நாவிலும் வழங்கும் நீர்நிலைப் பெயரே; ஆகவே இணுவில் என்றென்றும் தமிழூரே என்பது மறு சாராரின் தீர்ப்பு.

இவ்விரு தீர்ப்புகளில் எது சரி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டும் ஒரே பிழையின் மீது எழுந்தவை என்பதை நிறுவுவதே இதன் நோக்கம். முதலில் வந்தவனே உரியவன், பின்னர் வந்தவன் ஒண்டுக்குடி என்பதே அப்பிழை. இலங்கையில் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் இடையே நிலவிய நீண்ட உறவின் வரலாறு இந்த ஒற்றைக் கேள்விக்குள் அடைக்கப்பட்டமை தற்செயலானதன்று. அவ்வாறு அடைப்பதனால் பயனடைவோர் உளர்; அதனால் அழிவோரும் உளர்.

வழக்கின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். 1916 ஆம் ஆண்டிலே பிரித்தானிய நிருவாக அதிகாரியான ஹோர்ஸ்பர்க் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிங்கள இடப்பெயர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதனையடுத்து போல் ஈ. பீரிஸ் கந்தரோடையிலே அகழ்ந்து அங்குள்ள சிறு தூபிகளைப் பற்றியும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்கள் பற்றியும் எழுதினார். 1936 இல் வல்லிபுரத்திலே பொன்னேடு ஒன்று கிடைத்தது. வசப மன்னன் காலத்தது எனக் கொள்ளப்படும் அவ்வேடு நாகதீபத்திலே விகாரை அமைக்கப்பட்டதைக் கூறுவது. இவை யாவும் அறிஞர் அவையில் ஆராயப்படவேண்டிய செய்திகள். ஆனால் அவை அவையில் நிற்கவில்லை, மேடைக்கு ஏறின. பெயர் சிங்களம், தூபி பௌத்தம், பொன்னேடு பிராகிருதம். ஆகவே நிலம் சிங்களவருடையது, தமிழர் வந்தேறு குடிகள் என்று மேடையிலே கணக்கு முடிக்கப்பட்டது.

இக்கணக்கின் ஒவ்வொரு படியும் வழுக்குகின்றது. மொழி வேறு, சமயம் வேறு, இனம் வேறு. பண்டைக் கல்வெட்டுகளிலே பிராகிருதம் எழுதப்பட்டமையால் எழுதுவித்தோர் வீட்டிலும் வீதியிலும் பேசியது பிராகிருதமே என்று துணிதல் இயலாது. இலத்தீனிலே ஆவணம் எழுதிய நாடுகளில் எல்லாம் உழவன் இலத்தீன் பேசவில்லை. அவ்வாறே பௌத்தம் சிங்களவரின் தனிச்சொத்தாக என்றும் இருந்ததில்லை. மணிமேகலை தமிழ்க் காப்பியம். வீரசோழியம் பௌத்தர் ஒருவர் செய்த தமிழ் இலக்கணம். திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்திலே இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் தமிழ்ப் பௌத்தர் அளித்த கொடைகளைக் கூறி நிற்கின்றன. கந்தரோடைத் தூபிகளைக் கண்டவுடன் அவை சிங்களவருடையவை எனச் சிங்களத் தேசியவாதி கூவுவது அறியாமை. அவை நம்மவருடையவை அல்ல எனத் தமிழ்த் தேசியவாதி முகத்தைத் திருப்பிக்கொள்வது அதனிலும் பெரிய அறியாமை. தன் முன்னோன் வணங்கிய இடத்தைத் தானே அயலானுக்கு எழுதிக் கொடுக்கும் செயல் அது.

தமிழர் தரப்பு மறுப்புரையின் சிறுமை இங்கேதான் வெளிப்படுகின்றது. சிங்களவர் எனும் பெயரே குடாநாட்டில் என்றும் ஒலித்ததில்லை என்று காட்டுவதற்கு எடுக்கப்படும் முயற்சிகள் எத்தனை! இணுவில் என்பது ‘இணையிலி’ என்பதன் திரிபு என்பர். புலவர் பாட்டிலே அது இனிக்கும். வரலாற்றிலே அது சான்றாகாது. தமிழரின் பழைய நூல்களே இம்மறுப்புக்குத் துணை நிற்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, குடாநாட்டில் வாழ்ந்த சிங்களவரைச் சங்கிலி மன்னன் துரத்தியதாகக் கூறுகின்றது. அதே நூல், தமிழகத்துத் திருக்கோவலூரிலிருந்து வந்த பேராயிரவன் என்னும் வேளாளப் பிரபுவை இணுவிலிலே குடியிருத்திய செய்தியையும் கூறுகின்றது. அந்நூலை நம்பினால், பேராயிரவன் வருமுன்னரே இணுவில் இருந்தது. இணுவிலார் சிலரேனும் ‘வந்தவர்’ ஆவர். அந்நூலை நம்பாவிடின், குடியேற்ற மரபு பேசிக் குலப்பெருமை கொள்வதை நிறுத்தவேண்டும். சிங்களவரோடு வாதிடும்போது ஆதிக்குடி என்றும், அயலிலுள்ள ஒடுக்கப்பட்ட சாதியாரோடு வாதிடும்போது திருக்கோவலூர்ப் பிரபு வழி என்றும் இரு நாக்கால் பேசுவது வரலாறு அன்று.

முதன்மை என்னும் உரிமைக் கோட்பாட்டின் உண்மைப் பெறுமதியை அறிய உலகை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் தகும். ருஷ்யாவிலே காமா, வியாத்கா நதிகளுக்கிடைப்பட்ட நிலத்திலே உட்மூர்த்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழி பின்னோ-உக்ரியக் குடும்பத்தது. ருஷ்ய மொழியோடு உறவற்றது. ருஷ்யர் அந்நிலத்துக்கு வருமுன்னரே அவர்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதை ருஷ்ய வரலாற்றாசிரியரும் மறுப்பதில்லை. காமா என்னும் நதிப்பெயரே பெருநதி எனப் பொருள்படும் உட்மூர்த்துச் சொல்லோடு உறவுடையது என்பாரும் உளர். அங்கு ஊர்ப்பெயர் வழக்கு இல்லை. தீர்ப்பு எதிர்ப்பின்றி உட்மூர்த்தியர் பக்கமே. ஆயின் அத்தீர்ப்பு அவர்களுக்கு எதனைப் பெற்றுத் தந்தது?

1489 இல் வியாத்கா நிலம் மொஸ்கோவின் கைக்குட்பட்டது. 1552 இல் கசான் வீழ்ந்தபின் எஞ்சிய உட்மூர்த்தியரும் அவ்வாட்சிக்குள் வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே திரள் திரளாக ஞானஸ்நானம் பெறுவிக்கப்பட்டனர். 1892 இல் முல்தான் என்னும் ஊரைச் சேர்ந்த உட்மூர்த்து உழவர் மீது நரபலியிட்டனர் என்ற பொய்க்குற்றம் சுமத்தப்பட்டது. நான்காண்டுகள் நடந்த அவ்வழக்கிலே ருஷ்ய எழுத்தாளரான கொரலென்கோ உழவர் பக்கம் நின்று வாதாடினார். 1896 இல் அவர்கள் விடுதலை பெற்றனர். புரட்சியின் பின் 1920 இல் சுயாட்சிப் பிரதேசம் கிடைத்தது. 1934 இல் அது சுயாட்சிக் குடியரசாயிற்று. பள்ளியும் பத்திரிகையும் உட்மூர்த்து மொழியில் எழுந்தன. ஆனால் அம்மொழியின் தலைசிறந்த கவிஞர் குசெபாய் கெர்த் 1937 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். குடியரசு எனும் பெயர் நிலைத்தது, மொழி தேய்ந்தது. 1989 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே ஏறத்தாழ 7 இலட்சத்து 47 ஆயிரமாக இருந்த அம்மக்கள் தொகை 2021 இல் 4 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. சுதேச மொழிக் கல்வியை விருப்பத்துக்குரியதாக்கும் சட்டம் 2018 இல் ருஷ்யாவில் நிறைவேறியது. அதன் மறு ஆண்டு, 2019 செப்டெம்பர் 10 ஆம் நாள், தலைநகர் இஷெவ்ஸ்கில் அரச மன்றத்தின் முன்றிலிலே அல்பேர்ட் ராசின் என்னும் 79 வயது அறிஞர் தம் மொழியின் நிலைக்காகத் தம்மைத் தீக்கிரையாக்கி மாண்டார்.

முதலில் வந்தோர் என்பதில் ஐயமே இல்லாத ஒரு மக்களின் கதை இது. முதன்மை அவர்களைக் காக்கவில்லை. காத்திருக்கக் கூடியன வேறு: பள்ளியிலே மொழி, மன்றத்திலே அதிகாரம், ஆண்டுதோறும் மாறாத சட்டம். அம்மக்களுக்கும் ருஷ்யர்க்கும் இடையே கொரலென்கோவைப் போன்றோர் இருந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் ஒரு நல்லவரின் நெஞ்சம் ஒரு வழக்கை வெல்லலாம். ஒரு மொழியைக் காத்தல் அதனால் ஆகாது.

கடல் கடந்து செல்லாமலே இதற்கு இன்னொரு சான்று உண்டு. இலங்கையின் ஆதிக்குடிகள் வேடர் என்பதை மகாவம்சக் கதையைப் போற்றும் சிங்களவரும் மறுப்பதில்லை, தமிழரும் மறுப்பதில்லை. முதன்மையே உரிமையாயின் இத்தீவு முழுதும் வேடருடையதன்றோ? நிகழ்ந்தது யாது? 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. தம்பானையில் வாழ்ந்த வேடர் குடியேற்றத் திட்டங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தலைவர் திசாஹாமியும் சிலரும் மட்டும் பெயர மறுத்து நின்றனர். கிழக்குக் கரையோரத்து வேடர் தமிழ் பேசித் தமிழரோடு தமிழராய்க் கரைந்து வருகின்றனர். அவர்தம் கரைவைப் பற்றித் தமிழர் மேடைகளில் ஒரு சொல் எழுந்ததுண்டா? முதல்வன் யார் என்று இரு தரப்பாரும் தொண்டை கிழியக் கத்தும்போது, முதல்வன் காட்டு விளிம்பிலே வாய்மூடி நிற்கின்றான். இருவர்க்கும் வேண்டியது முதன்மையன்று, முதன்மையின் பெயரால் ஆளும் வாய்ப்பு மட்டுமே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இக்கோட்பாடு பயனற்றது மட்டுமன்று, கொடியதும் ஆகும். பின்னர் வந்தவனுக்கு உரிமை இல்லை என்னும் வாதமே 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் உயிர்நாடி. தேயிலைக்கும் கோப்பிக்கும் உழைத்து இந்நாட்டை வளர்த்த மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவராயினர். 1990 ஒக்டோபரிலே வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. இம்மண் எமது, நீர் இங்கு பிறர் என்ற அதே வாதம் அங்கே தமிழில் பேசப்பட்டது. சிங்களத்தில் பேசினால் பேரினவாதம், தமிழில் பேசினால் விடுதலை என்று ஒரே வாதத்துக்கு இரு பெயர் சூட்டுவோர் எவருடைய உரிமைக்கும் நேர்மையான காவலர் ஆகார்.

இனி, இரு மக்களின் உறவுக்கு வருவோம். இரண்டாயிரம் ஆண்டுப் பகை என்பது பாடநூல்கள் வளர்த்த கட்டுக்கதை. துட்டகைமுனுவின் போரைப் பாடும் மகாவம்சமே எல்லாளனின் நீதியைப் புகழ்கின்றது. வென்றவன் தோற்றவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி மரியாதை செய்வித்ததையும் கூறுகின்றது. 1450 அளவில் கோட்டை அரசின் பேரால் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாளாகிய சப்புமல் குமாரனே பின்னர் புவனேகபாகு எனும் பெயரில் அரசாண்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே கூறப்படும் கட்டியத்தில் புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. அவன்பால் விடுக்கும் தூதாகத் தென்கோடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குயிலை அனுப்பிப் பாடப்பட்டதே சிங்களக் கோகில சந்தேசம். இணுவில் சின்னத்தம்பிப் புலவரும் பஞ்சவன்னத் தூது பாடினார். தூது என்ற இலக்கிய வகை இரு மொழியிலும் தழைத்த நாடு இது. கண்டியிலே 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னர் தென்னிந்திய வழியினர். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியிலேயே 1753 இல் சீயத்திலிருந்து பிக்குகள் வருவிக்கப்பட்டு உபசம்பதை மீட்கப்பட்டது. இன்று தூய சிங்கள பௌத்தம் பேசுவோர் பலர் அந்த மீட்பின் வழிவந்த நிகாயத்தையே வணங்குகின்றனர்.

ஆயினும் இச்செய்திகளை அடுக்கி, மக்கள் என்றும் சகோதரரே, அரசியல்வாதிகளே பிரித்தனர் என்று முடிப்பது மற்றொரு கட்டுக்கதை. இணுவில், கொக்குவில், கோண்டாவில் செம்மண்ணிலே விளைந்த புகையிலை சுருட்டாகித் தென்னிலங்கை எங்கும் சென்றது. சிங்களக் கிராமத்துச் சந்தியிலே யாழ்ப்பாணத்தான் சுருட்டுக்கடை வைத்தான். சுருட்டு, கடை, சல்லி, கடலை ஆகிய சொற்கள் சிங்கள வாயிலும் புழங்குகின்றன. கடைக்காரன் சிங்களம் பேசினான். ஊரார் கடன் சொல்லி வாங்கினர். உறவு அங்கே இருந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் 1958 இலும், 1977 இலும், 1983 யூலையிலும் தென்னிலங்கையிலே தமிழர் கடைகள் எரிந்தன. அயலார் சிலர் ஒளித்து வைத்துக் காத்தனர். அயலார் சிலர் கொள்ளைக்கும் வந்தனர். உயிர் தப்பியோர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினர். அடுத்தடுத்து வாழ்தல் வேறு. சமமாக வாழ்தல் வேறு. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், 1957 இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டபின், கடைக்காரனின் பாதுகாப்பு அயலானின் நல்ல மனம் ஒன்றே ஆயிற்று. சட்டத்தின் காவலற்ற நட்பு அந்தக் கலவர நாட்களில் எங்கும் நிலைத்து நிற்கவில்லை.

தமிழர் முதன்மை வாதத்தைக் கைவிட்டால் ஆயுதமிழந்தவராவர் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றது. 1619 இல் போர்த்துக்கேயர் கவரும்வரை யாழ்ப்பாணத்திலே தனியரசு இருந்தது. 1833 வரை தமிழ்ப் பகுதிகள் பெரும்பாலும் தனித்தே நிருவகிக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக ஒரு மக்கள் தம் மொழியோடும் நிலத்தோடும் இடையறாது வாழ்ந்துள்ளனர். தன்னாட்சி கேட்பதற்கு இவை போதும். எவர்க்கும் முன்னர் வந்திருத்தல் வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடம் என ஏற்றபோது, அவர்கள் அங்கு பிற இனத்தாரோடு சேர்ந்தே வாழ்ந்துவந்தனர் என்பதையும் உடன் கூறிற்று. ஆதிக்குடி எனும் சொல்லின் துணை அதற்குத் தேவைப்படவில்லை.

மாறாக, முதன்மை வாதத்தைத் தமிழர் ஏற்கும் ஒவ்வொரு முறையும் எதிரியின் களத்திலே எதிரியின் விதிப்படி ஆடுகின்றனர். அக்களத்திலே நடுவரும் எதிரியே. 2020 இலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியிலே தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. பிக்குகளும் படையதிகாரிகளும் இடம்பெற்றனர். இணுவில் வழியே செல்லும் அதே வீதியின் வடகோடிக்கு அணித்தாயுள்ள தையிட்டியிலே, தம் காணியில் விகாரை எழுப்பப்பட்டது என்று காணிக்காரர் போராடியமை 2023 முதல் நாடறிந்த செய்தி. பழைய தூபி எவருடையது என்ற வாதம் புதிய விகாரைக்கு அடிக்கல்லாகின்றது. தையிட்டிக் காணிக்காரனின் வலிமை அவன் கையிலுள்ள உறுதியே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கு எவர் வணங்கினர் என்பது அவ்வுறுதியை வலுப்படுத்தவும் மாட்டாது, வறிதாக்கவும் மாட்டாது. இந்த எளிய நீதியைத் தெளிவாகச் சொல்வதை விட்டு, அங்கே பௌத்தமே இருந்ததில்லை என்று வாதிடப் புகுவோர் காணிக்காரனின் வழக்கைக் கெடுக்கின்றனர்.

இவ்விடத்திலே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடன் உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டனில் சமர்ப்பித்த ஆய்வின் முடிபுகள் பலவற்றை, பின்னர் கிடைத்த சான்றுகளை நோக்கி, 2005 இல் வெளியிட்ட நூலிலே தாமே மாற்றினார். சிங்களவரும் தமிழரும் இத்தீவிலேயே, பெரும்பாலும் ஒரே ஆதிமக்களிலிருந்து, வெவ்வேறு மொழிகளைத் தழுவி உருவாகிய இரு சமூகத்தார் என்பது அந்நூலின் சாரம். இரு சாரார்க்கும் இனிக்காத முடிபு அது; ஆகவே இரு சாரார் மேடையிலும் அது பேசப்படுவதில்லை. ஆனைக்கோட்டையிலே 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த முத்திரையைப் பெருமையோடு காட்டுவோர், அதே ஆய்வாளர் கைகள் எழுதிய இம்முடிபை மறைப்பது ஏன்?

கலைப்பீடத்து மாணவர் சிங்களம் கற்கவேண்டும். பிராகிருதமும் பாளியும் கற்கவேண்டும். மகாவம்சத்தைப் பழிப்பதற்கும் அதனைப் படித்திருத்தல் வேண்டும். கந்தரோடைத் தூபியின் பக்கத்திலே நின்று, இங்கு தொழுதோரும் எம்முன்னோரே என்று கூறும் துணிவு வேண்டும். அத்துணிவு வந்த நாளில் தூபியைக் காட்டி நிலத்தைக் கேட்போனின் வாதம் வலுவிழக்கும். ஏனெனில் இங்கு வாழ்வோரிடமிருந்து பறிப்பதற்கு அவனுக்கு ஒரு ‘பிறன்’ கிடைக்கமாட்டான்.

இணுவில் சிங்களச் சொல்லாயினும் ஆகுக. தமிழ்ச் சொல்லாயினும் ஆகுக. இரண்டுக்கும் முந்திய, இன்று எவரும் பேசாத ஒரு மொழியின் சொல்லாயினும் ஆகுக. அச்செம்மண்ணிலே கிணறு தோண்டி நீரிறைத்துப் பயிர் செய்வோர் தம் மொழியில் மனு எழுதி அதே மொழியில் விடை பெறுதல், தம் காணியில் அச்சமின்றி உறங்குதல், தம் அயலை ஆளும் அதிகாரத்தில் பங்கு பெறுதல் என்னும் உரிமைகள் அகராதியைப் புரட்டித் தீர்மானிக்கப்படுவன அல்ல. அவ்வுரிமைகளே லுணுவிலவில் வாழும் சிங்கள உழவனுக்கும், பதுளைத் தோட்டத்துத் தொழிலாளிக்கும், 1990 இல் துரத்தப்பட்டு மீளக் காத்திருந்த முஸ்லிமுக்கும், தம்பானை வேடனுக்கும் உரியன. அனைவர்க்குமாகக் கேட்கப்படும்போதே அக்கோரிக்கை மறுக்கவியலாத வலிமை பெறும்.